4 294 967 297 ஒரு முதன்மை எண்ணா?

மாணவர்களே, முதன்மை எண்கள், சுட்டிகள், காரணிகள் ஆகியவற்றை நீங்கள் வெவ்வேறு அலகுகளிற் கற்றிருப்பீர்கள். இம்மூன்றையும் ஒன்றாகப் பயன்படுத்த வேண்டிய ஒரு பெரிய எண்ணை இங்கு ஆராய்வோம்.

எண் கோலம்

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65 537

இங்கு 2 இன் சுட்டி ஒவ்வொரு முறையும் இருமடங்காகின்றது. பெறப்பட்ட ஐந்து எண்களும் முதன்மை எண்களாகும். இக்கோலத்தின் எல்லா உறுப்புகளும் முதன்மை எண்களே என 1640 இல் பிரான்சு நாட்டுக் கணிதவியலாளர் பேர்மா கருதினார். அடுத்த உறுப்பு 2³² + 1, அதாவது 4 294 967 297 ஆகும்.

சோதித்துப் பார்ப்போம்

• கடைசி இலக்கம் 7. எனவே 2 ஆலோ 5 ஆலோ வகுபடாது.
• இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. எனவே 3 ஆல் வகுபடாது.
• 7 ஆல் வகுக்க மீதி 5. 11 ஆல் வகுக்கவும் மீதி 5.

இதனைக் கொண்டு "முதன்மை எண்" என முடிவு செய்யலாமா? கூடாது. வகுத்துப் பார்த்து அவ்வாறு முடிவு செய்வதற்கு, வர்க்கமூலம் வரையுள்ள எல்லா முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். இவ்வெண்ணின் வர்க்கமூலம் 65 536 இலும் சற்றே பெரியது. அதுவரை 6542 முதன்மை எண்கள் உள்ளன!

1732 இல் ஒயிலர் என்னும் கணிதவியலாளர் இதற்கு 641 ஒரு காரணி எனக் கண்டார். முதன்மை எண்களின் வரிசையில் 641 ஆனது 116 ஆவது எண். ஆகவே 115 முறை வகுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தியவரும் பிழையான விடையையே பெறுவார்.

நீள் வகுத்தலின்றி நிறுவுதல்

படி 1: 640⁴ − 1 = (640² + 1)(640 + 1)(640 − 1)
எனவே 640⁴ − 1 ஆனது 641 இன் மடங்கு.
640 = 5 × 2⁷ ஆதலால், 640⁴ = 5⁴ × 2²⁸.
∴ 5⁴ × 2²⁸ − 1 ஆனது 641 இன் மடங்கு. —— (1)

படி 2: 641 = 625 + 16 = 5⁴ + 2⁴
இருபுறமும் 2²⁸ ஆற் பெருக்க,
641 × 2²⁸ = 5⁴ × 2²⁸ + 2³²
∴ 5⁴ × 2²⁸ + 2³² ஆனது 641 இன் மடங்கு. —— (2)

படி 3: (2) இலிருந்து (1) ஐக் கழிக்க, 2³² + 1 எஞ்சும்.
641 இன் இரு மடங்குகளின் வித்தியாசமும் 641 இன் மடங்கே.
∴ 2³² + 1 ஆனது 641 ஆல் மீதியின்றி வகுபடும்.

4 294 967 297 = 641 × 6 700 417

இவ்விரு காரணிகளும் முதன்மை எண்களாகும். எனவே இது ஒரு சேர்த்தி எண். இதற்கு 1, 641, 6 700 417, 4 294 967 297 என நான்கு காரணிகள் மட்டுமே உண்டு. இக்கோலத்தில் 65 537 இற்குப் பின்னர் வேறெந்த முதன்மை எண்ணும் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

மனதிற் கொள்க

ஐந்து உதாரணங்கள் பொருந்துவது நிறுவல் ஆகாது. "நிறுவுக" என வினவப்படும்போது சில எண்களைப் பிரதியிட்டுக் காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஒரு கூற்று பிழையெனக் காட்டுவதற்குப் பொருந்தாத ஓர் உதாரணமே போதும்.

பயிற்சி

1. 641 முதன்மை எண் எனக் காட்டுவதற்கு எந்த முதன்மை எண் வரை வகுத்துப் பார்த்தல் வேண்டும்?
2. 2³² இன் கடைசி இலக்கத்தை, அதன் பெறுமானத்தைக் கணிக்காது காண்க.

விடைகள்: 1) 23 2) 6