ஓராண்டு பேசாமலிருந்த காதல்

போடி அருகே ராசிங்காபுரம் பக்கம் விடியுமுன் ஜீப் ஏறி ஏலக்காட்டுக்குப் போகிறவர்களில் இளவட்டங்களும் உண்டு. காய் எடுக்கும் இடத்தில் இரண்டு பேருக்கு மனசு ஒத்துப்போவதும் உண்டு. வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் முதலில் செல்போன் பறிபோகும். அடுத்த முகூர்த்தத்துக்குள் வேறு இடம் பார்த்துப் பூ வைத்துவிடுவார்கள். இந்த அவசரக்காரர்களுக்கு டாக்டர் சௌந்திரம் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

போடியும் திண்டுக்கல்லும் ஒரே மதுரை மாவட்டமாக இருந்த காலத்து மனுஷி அவர். மதுரையில் பஸ் தொழில் தொடங்கிப் பேரெடுத்த டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள், 1904-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் டாக்டர் சௌந்தரராஜன், பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து அந்த நோய்க்கே பலியானார். விதவைப் பெண் மூலையில் முடங்க வேண்டும் என்றிருந்த நாளில், பெற்றோர் இவரைப் படிக்க வைத்தார்கள். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் முடித்தபோது வயது 32.

அங்கே தோழியானவர் சுசீலா நய்யார். அவர் மூலம் காந்தியின் அறிமுகம். பிறகு ஹரிஜன சேவை. அந்தப் பணியில்தான் ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். அவர் கேரளத்துக்காரர், சாந்திநிகேதனில் படித்தவர். ஒரே வேலையில் ஊன்றி நின்ற இருவருக்கும் பிரியம் வளர்ந்தது. பெண் விதவை, மாப்பிள்ளை வேறு சாதி, வேறு மொழி. படிக்க வைத்த வீடே இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை.

விவகாரம் காந்தியிடம் போனது. அவர் தடுக்கவும் இல்லை, உடனே தலையாட்டவும் இல்லை. ஓராண்டு பிரிந்திருங்கள், எந்தத் தொடர்பும் கூடாது, அதன் பிறகும் இதே மனசு இருந்தால் மணந்துகொள்ளுங்கள் என்றார். காந்தியின் மகன் தேவதாஸ், ராஜாஜியின் மகள் லட்சுமியை விரும்பியபோதும் இரு தந்தையரும் இதையே செய்தார்கள். ஐந்தாண்டு காத்திருக்கச் சொல்லி, 1933-இல் புனேயில் கல்யாணத்தை நடத்தி வைத்தார்கள்.

சௌந்திரமும் ராமச்சந்திரனும் சொன்ன சொல்லைக் காத்தார்கள். ஓராண்டு கழிந்தது, மனசு மாறவில்லை. 1940 நவம்பர் 7-இல் காந்தியின் ஆசியோடு திருமணம். மாப்பிள்ளைக்குக் காந்தி தன் கையால் நூற்ற நூலில் நெய்த வேட்டி. பெண்ணுக்குக் கஸ்தூரிபா நூற்ற நூலில் சேலை. பட்டும் சீரும் பேசிப் பேசியே நிச்சயம் முறிகிற நம் ஊர்களில், அந்த வேட்டி சேலைக்கு ஈடான சீர் எது?

1947-இல் திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டி அருகே இருவரும் சேர்ந்து காந்திகிராமத்தை எழுப்பினார்கள். அங்கே தொடங்கிய கல்விப் பணி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையில் சுற்றுவட்டாரப் பெண்கள் பிரசவம் பார்த்துக்கொள்கிறார்கள். அன்று அவர்களைப் பிரித்திருந்தால் இதெல்லாம் எங்கே?

மகளோ மகனோ மனசில் உள்ளதைச் சொன்னால், போனைப் பிடுங்காதீர்கள். சாதியைக் கேட்டு அரிவாளைத் தேடாதீர்கள். அவர்கள் விரும்புகிறவரின் குணத்தையும் பிழைப்பையும் விசாரியுங்கள். வேண்டுமானால் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லுங்கள். பொறுத்து வந்து நின்றால், கொடுத்த வாக்குப்படி நீங்களே முன்னின்று தட்டு மாற்றுங்கள். காதலைச் சோதிக்கப் பெரியவர்களுக்கு உரிமை உண்டு. சோதனையில் தேறியவர்களைக் கைவிடும் உரிமை கிடையாது.