இரும்பைத் தாண்டிக் கசியும் மின்சாரம்

எண்ணெய்க் கிணறு என்று பெயர்தானே தவிர, நாம் எட்டிப் பார்த்துப் பழகிய கிணறு எதையும் அது ஒத்திருக்காது. ஆழம் இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் போகும். உள்ளே இறங்கும் குழாயின் அகலமோ பல இடங்களில் ஒரு சாண் தேறாது. துளைத்து முடித்த கையோடு எஃகுக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமெண்ட் குழம்பை ஏற்றி இறுக விட்டுவிடுவார்கள். நம் ஊர் போர்வெல்காரர்கள் சொல்கிற அதே கேசிங் பைப்தான். அது இல்லாவிட்டால் பக்கச்சுவர் சரிந்து துளை மூடிக்கொள்ளும். ஓர் அடுக்கின் உப்புநீர் இன்னோர் அடுக்குக்குள் புகுந்து கெடுக்கும். அதனால் கேசிங் கட்டாயம். ஆனால் அது இறங்கிய நாளிலிருந்து கிணற்றுக்கும் பாறைக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் கனத்தில் எஃகுச் சுவர் நிற்கிறது.

இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் கிணற்றில் எண்ணெயோடு தண்ணீரும் சேர்ந்து வர ஆரம்பிக்கிறது. கீழே இருந்த உப்புநீர் மெல்ல மேலேறிவிட்டது. எந்த மட்டம்வரை ஏறியிருக்கிறது? நடுவில் எங்காவது எண்ணெய் தங்கிவிட்டதா? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் பாறையின் மின்தடை எண்ணை அளக்க வேண்டும். எஃகுக் குழாய்க்குள் இருந்துகொண்டு, வெளியே உள்ள பாறையின் மின்தடையை அளப்பதா? இயற்பியல் படித்த யாரிடம் கேட்டாலும் முதலில் முடியாது என்றுதான் சொல்வார்கள். அரை நூற்றாண்டுக் காலம் தொழிலிலும் நடைமுறையில் அந்தப் பதிலே நிலைத்திருந்தது.

மின்தடைக்கும் எண்ணெய்க்கும் என்ன உறவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். மணற்பாறை கையில் கெட்டியாக இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் அது மணல் மணிகள் ஒட்டிக்கொண்ட குவியல். மணிகளுக்கு நடுவே எங்கும் இடுக்குகள். அந்த இடுக்குகளில் பல லட்சம் ஆண்டுகளாக உப்புநீர் தங்கியிருக்கிறது. மணல் மணி மின்சாரத்தைக் கடத்தாது. எண்ணெயும் கடத்தாது. உப்புநீர் மட்டும் கடத்தும். ஆகவே இடுக்குகள் முழுக்க உப்புநீர் இருந்தால் பாறையின் மின்தடை எண் ஒரு ஓம் மீட்டரை ஒட்டி நிற்கும். நீரைத் தள்ளிவிட்டு எண்ணெய் உட்கார்ந்திருந்தால் மின்சாரத்துக்கு வழி சுருங்கி, அந்த எண் பத்து, ஐம்பது, நூறு என்று ஏறும். ஷெல் நிறுவனத்தில் பணிபுரிந்த கஸ் ஆர்ச்சி 1942இல் இந்த உறவை ஒரு சமன்பாடாகவே எழுதிக் கொடுத்தார். இடுக்கு எவ்வளவு, நீரின் உப்பு எவ்வளவு என்று தெரிந்தால், மின்தடையைக் கொண்டு நீர் எத்தனை பங்கு, எண்ணெய் எத்தனை பங்கு என்று கணக்கிட்டுவிடலாம்.

ஆர்ச்சிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அளக்கும் வேலை தொடங்கியிருந்தது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பெஷல்பிரான் என்று ஒரு பழைய எண்ணெய் வயல். அங்கே 1927 செப்டம்பர் 5 அன்று, சுமார் 500 மீட்டர் ஆழமுள்ள ஒரு கிணற்றில் ஆன்றி டாலும் இரண்டு தோழர்களும் கம்பி நுனியில் மின்முனைகளைக் கட்டி இறக்கினார்கள். டால், கொன்ராட் ஷ்லம்பெர்ஜரின் மருமகன். கொன்ராடும் அவர் தம்பி மார்செலும் அதுவரை நிலத்தின் மேற்பரப்பில் மின்சாரம் பாய்ச்சி அடியில் இருப்பதை ஊகித்துக்கொண்டிருந்தவர்கள். அன்று மருமகன் கிணற்றுக்குள்ளேயே அளந்தார். கருவியை ஓரிடத்தில் நிறுத்துவது, அளப்பது, தாளில் குறிப்பது, அடுத்த இடத்துக்கு இழுப்பது. புள்ளிகளைக் கையால் இணைத்தபோது கிடைத்த வளைகோடுதான் உலகின் முதல் மின்தடைப் பதிவு.

கவனிக்க வேண்டியது, அவர்கள் அளந்தது கேசிங் இறங்காத வெறுந்துளையில். பாறை நேரடியாகத் தொடுகிற தூரத்தில் இருந்தது. இன்றுவரை பெரும்பாலான மின்தடைப் பதிவுகள் அப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

கேசிங் இறங்கிய பிறகு நிலைமை என்ன? எஃகின் மின்தடை எண் ஏறக்குறைய 0.0000002 ஓம் மீட்டர். ஒரு ஓம் மீட்டரை ஐம்பது லட்சமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. வெளியே உள்ள பாறை பத்து ஓம் மீட்டர் என்றால் அது எஃகைப் போல ஐந்து கோடி மடங்கு. நீங்கள் அனுப்புகிற மின்சாரம் முன்னால் ஒரு ராஜபாட்டையும் பக்கத்தில் ஒரு முள்வேலியும் இருந்தால் எதில் போகும்? குழாயோடு மேலும் கீழுமாக ஓடிவிடும். பாறைக்கு என்ன மிஞ்சும்?

ஏதோ மிஞ்சும் என்பதுதான் விஷயம். முள்வேலி அடர்த்தியானதுதான், ஆனால் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கிறதே! டெல்டாவில் வாய்க்கால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேல் மதகில் வருகிற தண்ணீரை அளக்கிறீர்கள். கீழ் மதகுக்கு வந்து சேர்கிற தண்ணீரையும் அளக்கிறீர்கள். நடுவில் யாரும் வயலுக்குத் திருப்பவில்லை. ஆனாலும் கணக்கில் கொஞ்சம் குறைகிறது. குறைந்த தண்ணீரை வாய்க்கால் குடித்துவிட்டது. அடியில் மணற்பாங்காக இருந்தால் நிறையக் குடிக்கும், களியாக இருந்தால் கொஞ்சமாகக் குடிக்கும். மண்ணைத் தோண்டாமல், குறைந்த தண்ணீரை வைத்தே அடியில் என்ன மண் என்று சொல்லிவிடலாம்.

கேசிங் பைப்பும் அப்படிக் கசிகிற வாய்க்கால்தான். உப்புநீர் நிறைந்த பாறையைக் கடக்கும் இடத்தில் மின்சாரம் அதிகம் கசியும். எண்ணெய்ப் பாறையைக் கடக்கும் இடத்தில் குறைவாகக் கசியும். குழாயின் இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு மின்சாரம் காணாமல் போனது என்று அளந்துவிட்டால் வெளியே இருப்பது என்ன பாறை என்று தெரிந்துவிடும்.

சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு எவ்வளவு கடினம் என்று ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழு அங்குலக் குழாய், ஒரு சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். அதன் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 40 மைக்ரோ ஓம். அதில் மூன்று ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டர் நீளத்தில் கிடைக்கும் மின்னழுத்த வேறுபாடு 120 மைக்ரோவோல்ட். இதுவே சின்ன அளவுதான். பாறைக்குள் கசிவது மூன்று மில்லி ஆம்பியர் போல, அதாவது ஓடுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் மேல் மீட்டருக்கும் கீழ் மீட்டருக்கும் இடையில் நாம் தேடுகிற வித்தியாசம் வெறும் 120 நானோவோல்ட். டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. பாறையின் மின்தடை ஏற ஏற இதுவும் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். இதை அளக்க வேண்டிய இடம் ஆய்வகத்து மேசை இல்லை. இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், கொதிக்கிற சூட்டில், சேறும் துருவும் படிந்த குழாயின் உட்சுவர்.

இன்னொரு சங்கடம் இதைவிடப் பெரியது. குழாயின் கனம் எங்கும் ஒரே சீராக இருக்காது. எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களுக்கான அமெரிக்கத் தர விதியே சுவர்க் கனம் 12.5 சதவீதம்வரை குறையலாம் என்று அனுமதிக்கிறது. துரு தின்ற பழைய குழாயில் கேட்கவே வேண்டாம். நாம் தேடும் கசிவோ ஆயிரத்தில் ஒன்று. மேல் மீட்டரில் குழாய் ஒரு சதவீதம் மெலிந்திருந்தாலே அந்த வித்தியாசம் கசிவைப் போலப் பத்து மடங்காகக் குரல் கொடுக்கும். வாய்க்காலில் ஒரு மதகின் அளவுகோல் பிசகியிருந்தால் கசிவுக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடுவது போல.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு முறை அளக்கிறார்கள். குழாயின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டு சம இடைவெளியில் மூன்று மின்முனைகள் நிற்கின்றன. முதல் முறை, கருவியிலேயே மேலே இருக்கும் முனையிலிருந்து கீழே இருக்கும் முனைக்கு மின்சாரத்தை ஓட விடுகிறார்கள். குறுகிய பாதை என்பதால் பாறைக்குள் கசிவு இல்லை என்றே சொல்லலாம். அப்போது தெரியும் வித்தியாசம் முழுவதும் குழாயின் சொந்தக் குறை. இரண்டாம் முறை, மின்சாரம் கிணற்றுக்கு வெளியே தரைமட்டத்தில் ஊன்றிய மின்முனைக்குத் திரும்பி வருமாறு அனுப்புகிறார்கள். இப்போது குழாயின் குறையும் பாறையின் கசிவும் சேர்ந்து தெரியும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது பாறை.

எந்த மின்சாரத்தை அனுப்புவது என்பதிலும் பிடிவாதமான ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் போல நொடிக்கு 50 சுற்று கொண்டதை அனுப்பினால் அது எஃகின் உட்பக்கத் தோலில் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே ஓடும். குழாயின் வெளிப்பக்கத்தை எட்டாது. திசை மாறாத நேர்மின்சாரத்தை அனுப்பினாலோ மின்முனைகளில் வேதிவினை நடந்து பொய் மின்னழுத்தம் உண்டாகும். பூமிக்குள் தானாக ஓடும் மின்னோட்டங்களிலிருந்து அதைப் பிரித்தெடுக்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவே நொடிக்கு ஒரு சுற்று என்ற அளவை ஒட்டி நிற்கிறார்கள். அந்த வேகத்தில் மின்சாரம் ஒரு சென்டிமீட்டர் எஃகை முழுக்க நனைத்து வெளியே வந்துவிடும்.

அசைந்துகொண்டே அளக்கவும் முடியாது. முனை குழாய்ச் சுவரில் உரசினால் எழும் சலசலப்பில் நானோவோல்ட் கரைந்துபோகும். எனவே கருவியை நிறுத்தி, முனைகளைச் சுவரில் அழுத்தி, ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் காத்திருந்து அளந்து, பிறகு அடுத்த இடம். வெறுந்துளையில் இன்றைய கருவிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடிக்கொண்டே பதிவு செய்கின்றன. கேசிங்குக்குள் மட்டும் 1927இல் டால் செய்த மாதிரி, நிறுத்தி நிறுத்தி அளப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

யோசனை புதிதன்று. சோவியத் ஒன்றியத்தில் எல். எம். அல்பின் 1939இலேயே இதை எழுதிப் பதிவு செய்திருந்தார். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் என்பவர் 1949இல் காப்புரிமை பெற்றார். இருவருடைய யோசனையும் சரி. அதை அளக்கும் மின்னணுக் கருவிதான் இல்லை. நானோவோல்ட்டை நம்பகமாக அளக்கும் சுற்றுகள் வரும்வரை அவை தாளிலேயே கிடந்தன. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பேனிங் வெய்ல் கருவிகளுக்கான காப்புரிமைகளைப் பெறத் தொடங்கினார். சோவியத் நாட்டிலிருந்து குடியேறிய பேராசிரியர் காஃப்மன், குழாய்க்குள் மின்புலம் எப்படி நடந்துகொள்கிறது என்ற கணிதத்தை 1990இல் வெளியிட்டார். 2000ஆம் ஆண்டில் ஷ்லம்பெர்ஜர் நிறுவனம் தன் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அல்பின் எழுதியதற்கும் அதற்கும் இடையே அறுபது ஆண்டுகள். முடியாது என்று எல்லோரும் விட்டுவிட்ட ஒன்றில், கசிவு சின்னதுதான், பூச்சியம் அல்லவே என்று கணக்குப் போட்ட அந்த முதல் மனிதரை இன்னும் அதிகம் பேர் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

குழாய்க்கு வெளியே பார்க்க வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நியூட்ரான்களை அனுப்பி, அவை பாறைக்குள் எவ்வளவு விரைவாக விழுங்கப்படுகின்றன என்று பார்க்கும் முறை பல காலமாக உண்டு. ஆனால் அது எட்டுவது முப்பது சென்டிமீட்டர் போல. நீரில் உப்பு குறைவாக இருந்தால் எண்ணெயையும் நீரையும் பிரித்துச் சொல்லத் தடுமாறும். கசியும் மின்சாரமோ சில மீட்டர் உள்ளே போய் வருகிறது. அதே சமயம் இதற்கும் எல்லை உண்டு. பாறையின் மின்தடை நூறு ஓம் மீட்டரைத் தாண்டினால் கசிவு மிகச் சிறுத்து, அளவு நம்ப முடியாததாகிவிடும். பாறை மிக நன்றாகக் கடத்தினால் நடுவில் உள்ள சிமெண்ட் குறுக்கே நின்று குழப்பும்.

எஃகு இத்தனை பாடுபடுத்துகிறதே, பிளாஸ்டிக் பைப்பாக இருந்தால் சுலபமாக இருக்குமோ என்று தோன்றலாம். நேர் எதிர். பிளாஸ்டிக் ஒரு துளி மின்சாரத்தையும் கசிய விடாது. இரும்பு வழியே முடிகிற இந்த அளவீடு பிவிசி குழாய் வழியே முடியாது. அங்கே காந்தப்புலத்தைக் கொண்டு தூண்டி அளக்கும் வேறு கருவி வேண்டும். ஜப்பானின் நாகவோகாவில் 1,100 மீட்டர் ஆழத்தில் கரியமில வாயுவைச் செலுத்திக் கண்காணித்தபோது, அந்தக் கருவி வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே கண்ணாடியிழைக் குழாய் இறக்கினார்கள்.

இது நம் வீட்டு வாசல்வரை வருகிற செய்தி. தமிழ்நாட்டின் கடினப் பாறைப் பகுதிகளில் கேசிங் மேல்மண் தீரும்வரைதான் இறங்கும். கடலூர், நாகப்பட்டினம் போன்ற கரையோர வண்டல் பகுதிகளில் அடிவரை குழாய்தான். நல்ல தண்ணீர் மணல் இருக்கும் மட்டத்தில் ஃபில்டர் பைப், மற்ற இடங்களில் வெறும் பைப். எந்த மட்டத்தில் நல்ல தண்ணீர், எந்த மட்டத்தில் உப்பு என்று சொல்வது அதே மின்தடைதான். பெஷல்பிரானில் இறக்கிய கருவியின் வழிவந்த எளிய கருவி ஒன்றே அதற்குப் போதும். வெறுந்துளையில் இறக்கி எடுக்க ஒரு மணி நேரம் போல ஆகும். பிவிசி இறங்கிவிட்டால் அந்தக் கருவிக்குப் பாறை தெரியாது.

அந்தப் பகுதிகளில் போர் போடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். லாரிக்காரர் அவசரப்படுத்தினாலும் பைப் இறக்கும் முன் மின்தடைப் பதிவு எடுக்கச் சொல்லுங்கள். எந்த ஆழத்தில் என்ன அளவு என்ற அந்தத் தாளை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.