அஞ்சறைப் பெட்டியும் ஜலதோஷமும்

"அச்!" என்று ஒரு தும்மல். அவ்வளவுதான், வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிடுகிறார்கள். "சுக்கைத் தட்டிப் போடு" என்கிறார் மாமியார். "நேற்று ஈரத் தலையோடு நின்றாயே, வேண்டும்!" என்கிறார் கணவர். அடுத்த வீட்டு மாமி மதிலுக்கு அப்பாலிருந்தே நொச்சி இலை சிபாரிசு செய்கிறார். தும்மியவளோ மூக்கைச் சிந்திக்கொண்டே இத்தனை பேருக்கும் காப்பி கலந்துகொண்டிருப்பாள்!

ஜலதோஷம் என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, தோஷம் ஜலத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வைரஸ் கிருமிகள்தான் காரணம். அவற்றில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றை வென்று நிமிர்வதற்குள் இன்னொன்று வந்து நிற்கிறது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊரில் 1946-ல் ஜலதோஷத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் ஆரம்பித்தார்கள். தாமாக முன்வந்தவர்களைத் தங்கவைத்து, அவர்கள் மூக்கில் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். சிலரைக் குளிக்கச் சொல்லி, ஈரம் துவட்டாமல் காற்றடிக்கும் நடையில் நிறுத்தினார்கள். பாவம், நடுங்கியதுதான் மிச்சம். மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகமாக ஜலதோஷம் பிடிக்கவில்லை.

ஆனால் 2005-ல் கார்டிஃப் சர்வகலாசாலையில் 180 பேரை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. பாதிப் பேர் இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் அவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு ஜலதோஷக் குறிகள் தெரிந்தன. மற்றவர்களில் 9 பேருக்குத்தான். முன்பே உள்ளே பதுங்கியிருந்த கிருமிக்குக் குளிர்ச்சி வழிவிட்டிருக்கலாம் என்பது ஆராய்ந்தவர்களின் ஊகம். ஆகவே உங்கள் கணவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அவரிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை!

ஜலதோஷத்தை அடியோடு விரட்டும் மருந்து இன்றுவரை கிடையாது. ஒரு வாரமோ பத்து நாளோ இருந்துவிட்டு அது தானே போகிறது. போன தடவை டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையில் மிச்சமிருப்பதைத் தேடாதீர்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. நம் அஞ்சறைப் பெட்டியும் ஜலதோஷத்தைத் தீர்க்காது. ஆனால் அந்த ஒரு வாரத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி செய்யும்.

முதல் ஸ்தானம் மிளகு ரசத்துக்குத்தான். ஒன்றரை ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், ஒரு ஸ்பூன் துவரம்பருப்பு இவற்றை நெய்யில் வறுத்து, ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு அரைத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, உப்பும் தட்டிய நாலு பல் பூண்டும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். பச்சை வாசனை போனதும் அரைத்த விழுதைக் கரைத்து விட்டு, தண்ணீர் விளாவி, நுரைத்து வரும் தறுவாயில் இறக்கிவிடுங்கள். நெய்யில் கடுகு தாளித்தால் நாலு பேருக்குப் போதும். மிளகின் காரம் மூக்கை ஒழுகவிடும், அடைப்பு இளகும். சூட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2008-ல் அதே கார்டிஃபில் ஒரே பழரசத்தைச் சிலருக்குச் சூடாகவும் சிலருக்குச் சூடில்லாமலும் கொடுத்துப் பார்த்தபோது, சூடாகக் குடித்தவர்களே தொண்டை வலி, உடல் சோர்வு உட்பட அதிக விஷயங்களில் சுகம் கண்டதாகச் சொன்னார்கள். ரசத்தை ஆற வைத்து எடுத்துவைக்கும் சிக்கனம் இந்த ஒரு வாரத்துக்கு வேண்டாம்.

சுக்குக் காப்பியில் காப்பி என்பது பெயரில்தான். ஒரு விரல் நீளச் சுக்கு, ஒரு மேஜைக்கரண்டி தனியா, அரை ஸ்பூன் மிளகு எல்லாவற்றையும் வறுத்துப் பொடித்து, இரண்டு தம்ளர் தண்ணீரில் ஒன்றரை ஸ்பூன் பொடியும் நாலைந்து துளசி இலையும் போட்டுக் காய்ச்சுங்கள். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டிச் சேருங்கள். அதில் மண் இருக்கும். நீரிழிவுக்காரர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பது ஞாபகமிருக்கட்டும். வயிற்றுப் புண் உள்ளவர்கள் "மருந்துதானே" என்று மூன்று வேளையும் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

தொண்டைக் கமறலுக்கு வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிப்பதைவிட மலிவான வைத்தியம் இல்லை. இரவு இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் நல்லது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் சாப்பிடுங்கள், ருசிக்காக; வைட்டமின் 'சி' ஜலதோஷத்தைத் தடுத்துவிடும் என்று நம்பி அல்ல.

ஆவி பிடிப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், நாலு வயதுப் பையனைப் போர்வைக்குள் உட்கார வைத்து ஆவி பிடித்தார்கள். வெப்பம் தாளாமல் பையன் காலை உதைத்தான். பாத்திரம் கவிழ்ந்தது. ஜலதோஷம் ஐந்தாம் நாள் போய்விட்டது. தொடையில் தீப்புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. பெரியவர்கள் பிடிக்கலாம், பாத்திரம் ஆடாத இடத்தில் இருந்தால். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கைக்குழந்தை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். பெரியவர்களுக்கு இதமான தேன், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஆபத்து. அதில் சில சமயம் இருக்கும் ஒருவகைக் கிருமி வித்து சிசுவின் குடலில் முளைத்து, தசைகளைத் துவளச் செய்யும் விஷத்தை உண்டாக்கும். நாக்கில் தடவும் துளித் தேனும் கூடாது. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்து மார்பில் தடவுவது பல வீடுகளில் வழக்கம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். சிறு குழந்தைக்குக் கொஞ்சம் போனாலும் போதும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதையும் நிறுத்திவிடுங்கள். அந்த எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டு விடுகிறது. பாட்டி மனம் வருந்தினால், டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள். டாக்டர் அப்படித்தான் சொல்வார்.

அந்தக் குழந்தைக்கு வேண்டியது தாய்ப்பால், அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் உப்புநீர்ச் சொட்டு கிடைக்கிறது. கூடவே ஒரு கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்தக் கணக்கை எட்டினாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு ஜுரம் கண்டாலோ, அடுப்பில் கஷாயம் கொதிப்பது கொதிக்கட்டும். அணைத்துவிட்டு, விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.