கவசம் தோளில் ஏன் பிரிகிறது?

காமிக் கான் நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. சென்னையில் அந்த விழா முதன்முதலாக 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. அதற்குப் பிறகு வீட்டிலேயே ஈவா நுரை ஷீட்டை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து அறிபுனைப் படத்துக் கவசம் செய்துகொண்டவர்கள் இப்போது அதைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். தோள் பிரிந்துவிட்டது, மார்புத் தகட்டில் பெயின்ட் வெடித்துவிட்டது, ஹெல்மெட் கோணிவிட்டது என்று எழுதுகிறார்கள். ஏறக்குறைய எல்லாக் கடிதமும் ஒரே கேள்வியில்தான் முடிகிறது: இதைவிட வலுவான பசை எது?

அந்தக் கேள்வியே தவறான இடத்தைக் காட்டுகிறது. பெரும்பாலான கவசங்களில் பசையின் வலு போதுமானதுதான். அதை வைத்து வாங்கும் வேலைதான் தவறு. அளவெடுப்பது, தாளில் மாதிரி வெட்டுவது, சரிவாக அறுப்பது எல்லாம் ஒரு கவசத்தைச் செய்து முடித்தவர்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிட்டு நேராகப் பிரிந்த இடத்துக்கு வருகிறேன்.

பிரிந்த இடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பசையைத் தொடுவதற்கு முன் பிரிந்த இரண்டு முகங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்றுதான் தெரியும்.

ஷீட்டே கிழிந்து, பசையின் மேல் ஈவா துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்த இடம் தாங்க முடியாத அளவுக்கு இழுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே எந்தப் பசையைப் போட்டாலும் மறுபடி பக்கத்திலேயே கிழியும்.

பசை முழுவதும் ஒரு பக்கமே தோல் மாதிரி உரிந்து வந்து, மறுபக்கம் பளபளவென்று சுத்தமாக இருந்தால் அந்தப் பக்கத்தில் பசை பிடிக்கவே இல்லை. தொழிற்சாலையில் அச்சிலிருந்து வந்த ஷீட்டின் மேல்தோல் மிக வழவழப்பானது. உப்புத்தாள் போடாமல் ஒட்டியிருப்பீர்கள். அல்லது அறுத்த தூளைத் துடைக்காமல் விட்டிருப்பீர்கள்.

இரண்டு பக்கமும் பசை இருந்து, இடையில் ஜவ்வு மிட்டாய் போல இழை இழையாக நீண்டிருந்தால் பசை தனக்குள்ளேயே இழுபட்டுப் பிரிந்திருக்கிறது. நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். காரணம் வெப்பம், அல்லது ஒட்டும்போது அவசரப்பட்டு உள்ளே சிறைபட்ட தின்னர்.

கவசம் ஒட்டும் மஞ்சள் பசைக்குள் என்ன நடக்கிறது?

தச்சர்கள் ‘எஸ்ஆர்’ என்றும் செருப்புக் கடைக்காரர்கள் ‘சொல்யூஷன்’ என்றும் கேட்டு வாங்கும் இந்தப் பசையில் பெரும்பாலும் இருப்பது பாலிகுளோரோப்ரீன் என்ற செயற்கை ரப்பர். 1930-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு கண்டெடுத்தது. பின்னாளில் நியோப்ரீன் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. டொலுவீன் போன்ற கரைப்பானில் கரைத்து டப்பாவில் அடைத்திருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் தடவி, கரைப்பான் ஆவியாகும் வரை காத்திருந்து, பிறகுதான் அழுத்துகிறோம். அந்த நொடியில் ஒரு பக்கத்து ரப்பர் சங்கிலிகள் மறு பக்கத்துக்குள் ஊடுருவிப் பின்னிக்கொள்கின்றன. ஆனால் முழு வலு அதிலிருந்து மட்டும் வருவதில்லை. அடுத்து வரும் மணி நேரங்களில் அந்தச் சங்கிலிகளின் சில பகுதிகள் வரிசையாக அமைந்து படிகமாகின்றன. பசையைக் கெட்டியாக்குவது இந்தப் படிகங்களே. ஒட்டிய இடம் ஒரு நாள் கழித்து இன்னும் இறுக்கமாக இருப்பது இதனால்தான்.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. இந்தப் படிகங்கள் ஏறக்குறைய 50 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது உருகத் தொடங்கிவிடும். வெளியே 35 டிகிரி என்றால் வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் அந்த அளவு வந்துவிடும். அந்தக் காரில் கவசத்தை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர் திரும்பி வரும்போது பசையின் எலும்பு கரைந்திருக்கும்.

டப்பாவில் ‘வெப்பம் தாங்கும்’ என்று போட்டிருக்கிறதே என்று பலர் எழுதுகிறார்கள். அந்த வாசகத்தை நான் அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன். தயாரிப்பாளர்கள் பீனாலிக் பிசினும் மக்னீசியம் ஆக்சைடும் சேர்த்து வெப்பத் தாங்குதலைக் கூட்டுவது உண்மை. ஆனால் எத்தனை டிகிரியில், எவ்வளவு பாரத்தில், எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லாமல் ‘தாங்கும்’ என்று மட்டும் சொன்னால் அதற்கு அளவில்லை. மேசையில் ஒட்டிய மைக்கா ஷீட் எந்தப் பக்கமும் இழுபடாமல் சும்மா கிடக்கிறது. உங்கள் தோள் தகடு அப்படியில்லை. தட்டையான ஷீட்டைப் பலவந்தமாக வளைத்து ஒட்டியிருக்கிறீர்கள். அது மறுபடி தட்டையாக வேண்டும் என்று ராத்திரி பகலாகப் பசையை இழுத்துக்கொண்டே இருக்கிறது. சிறிய இழுவைதான். ஆனால் ஓயாத சிறிய இழுவைக்கு முன்னால் சூடான ரப்பர் மெல்ல மெல்ல நழுவிக்கொடுத்துவிடும்.

ஆகவே முதல் மேம்பாடு பசைக்கு வேலையைக் குறைப்பது. பிரிந்த தகட்டைக் கழற்றி, ஹீட் கன்னால் பரவலாகச் சூடு காட்டுங்கள். ஷீட் தளர்ந்ததும் தேவையான வளைவில், இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே, ஒரு பானை மேலோ முழங்கால் மேலோ வைத்துப் பிடித்து, முற்றிலும் ஆறும் வரை விடாதீர்கள். இரண்டு விளிம்புகளும் பசையே இல்லாமல் தானாக ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். அந்த நிலை வந்த பிறகு ஒட்டினால் சாதாரண பசையே வருடக்கணக்கில் நிற்கும். அது வராமல் ஒட்டினால் விலை உயர்ந்த பசையும் அடுத்த வெயிலில் விடும்.

இதே பலவீனம் பழுதுபார்ப்பவருக்கு உதவியும் செய்கிறது. சூடு காட்டினால் படிகம் உருகும் என்றால், பாதி பிரிந்த இணைப்பைக் கிழிக்காமல் முழுதாகத் திறக்கலாம். காய்ந்த பழைய பசைப் படலத்தையே சூடாக்கி மறுபடி அழுத்தினால் அது உயிர்பெற்று ஒட்டும், ஆறும்போது படிகங்கள் திரும்ப உருவாகும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஷூ தொழிலில் மேல்பாகத்தோடு அடிப்பாகத்தை ஒட்டும்போது காய்ந்த பசையைச் சூடேற்றி அழுத்துவது அன்றாட வேலை. அறிபுனைக் கவசத்தைப் பழுதுபார்க்க வெளிநாட்டுக் காணொளியைவிட அந்த ஊர்த் தொழிலாளியின் கை நல்ல ஆசான். ஈவா ஷீட்டும் இந்தப் பசையும் முதலில் அவர்களுடைய பொருட்கள்தான்.

புதிதாகவே ஒட்டுவதென்றால்: பழைய பசையை விரலால் உருட்டி உருட்டி எடுங்கள், மிச்சத்தை 120 எண் உப்புத்தாளால் தேயுங்கள், ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். வெட்டிய விளிம்பு முதல் பூச்சைக் குடித்துவிடும். அதனால் அங்கே இரண்டாவது பூச்சு அவசியம். புறங்கையால் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் ஒரு முனையிலிருந்து தொடங்கி அழுத்திக்கொண்டே போங்கள். மழைநாளிலும் கடற்கரைப் பக்கத்துக் காலை வேளைகளிலும் ஒரு தொல்லை உண்டு. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படியும். தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும், அழுத்தினால் பிடிக்காது. டப்பாவில் எழுதிய ‘10 நிமிடம்’ என்பது ஈரமில்லாத காற்றுக்கான கணக்கு. நம் ஊரில் லேசான சூடு காட்டி அந்த ஈரத்தை விரட்டிவிட்டு அழுத்துவதே பாதுகாப்பு.

‘நச்சற்றது’ என்றால்?

என்னை அதிகம் உறுத்தும் கேள்வி இது. பள்ளி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்பதால் கூடுதலாகவே உறுத்துகிறது. ஈவா பாய்களின் உறையில் இந்த வார்த்தையைப் பார்க்கிறோம். 2010-இல் பெல்ஜியமும் பிரான்சும் இதே வகை குழந்தைகள் விளையாட்டுப் பாய்களின் விற்பனையை நிறுத்தின. நுரைக்கச் சேர்க்கும் ரசாயனத்தின் எச்சமாக ஃபார்மமைடு வெளியாவதே காரணம். பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் நுரைப் பொம்மைகளில் அதற்கு வரம்பு வைத்தது. ‘நச்சற்றது’ என்று அச்சடிக்கும் உறைகளில் பல, எந்தச் சோதனை, எந்த வரம்பு என்று சொல்வதில்லை. வாங்கிய ஷீட்டைப் பிரித்துச் சில நாள் மாடியில் நிழலில் காற்றாட விட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பசையின் ஆபத்து அதைவிட நேரடியானது. டொலுவீன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒட்டுபவர் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். 4 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றத் தக்க ஆவியை விடும் திரவம் அது. அந்த அறையில், திறந்த டப்பாவுக்குப் பக்கத்தில், 500 டிகிரி காற்றை ஊதும் ஹீட் கன்னை ஓட்டுகிறார்கள். பசை தடவும் வேலையும் சூடு காட்டும் வேலையும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் நடக்கவே கூடாது. பழைய பசையை உயிர்ப்பிக்க மிதமான சூடு போதும். கருகவிட்டால் ஈவாவிலிருந்து புளித்த காடி வாடையும், பசையிலிருந்து தொண்டையை அறுக்கும் ஹைட்ரஜன் குளோரைடும் வரும்.

என்-95 முகக்கவசம் தூளைத் தடுக்கும். கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். அது இல்லையென்றால் மொட்டை மாடிக்குப் போங்கள்.

பெயின்ட் ஏன் வெடிக்கிறது?

வளையும் ஷீட்டின் மேல் வளையாத பெயின்ட். விரிசலின் மேல் பட்டி பார்த்து மறைப்பவர்கள் அடுத்த முறை இன்னும் பெரிய விரிசலைப் பார்ப்பார்கள். வெடித்ததைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஷீட்டுக்கு லேசாகச் சூடு காட்டி மேற்பரப்பின் நுண்துளைகளை மூடுங்கள். ரப்பர் தன்மையுள்ள அடிப்பூச்சு ஒன்றை மெல்லிய படலங்களாகப் பல தடவை அடித்து, அதன்மேல் அக்ரிலிக் அடியுங்கள். முழங்கை, இடுப்பு போன்ற மடங்கும் இடங்களில் எந்தப் பூச்சும் நிற்காது. அங்கே ஒரே தகடாக இருப்பதை இரண்டாக வெட்டி, உள்பக்கம் எலாஸ்டிக் பட்டையால் இணைத்துவிடுங்கள். நடையும் சுலபமாகும், பெயின்டும் பிழைக்கும்.

3டி அச்சில் செய்த ஹெல்மெட் கோணிவிட்டது, சரிசெய்யலாமா?

பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி அருகிலேயே தளர்ந்துவிடும். கார் டாஷ்போர்டு 70-ஐத் தாண்டும். வெந்நீரில் தளர்த்தி ஓரளவு நிமிர்த்தலாம். மறுபடி அச்சிடுவதானால் 80 டிகிரி வரை தாங்கும் பெட்ஜி, அல்லது 100-ஐ ஒட்டித் தாங்கும் ஏபிஎஸ்.

ஸ்டார் வார்ஸ் படத்தில் வருவது போலப் பிளாஸ்டிக் தகட்டுக்கு மாறலாமா?

1977 படத்தின் ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசம் சூடாக்கிய பிளாஸ்டிக் ஷீட்டை அச்சின்மேல் வெற்றிடத்தால் உறிஞ்சி வடித்தது. அதைப் படப்பிடிப்புக்காகத்தான் செய்தார்கள், விழாவில் நாள் முழுக்க அணிந்து நடக்க அல்ல. ஏபிஎஸ் தகடு வெடித்தால் அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் கரைத்த குழம்பை உள்பக்கம் பூசி, பின்னால் ஒரு பட்டை வைத்து ஒட்டலாம்.

அதே மாதிரி செய்து விற்கலாமா?

ஸ்டார்ம்ட்ரூப்பர் ஹெல்மெட் பதிப்புரிமைச் சட்டப்படி சிற்பம் ஆகாது என்று 2011-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது பிரிட்டன் சட்டத்துக்கு. இங்கே விற்க நினைப்பவர்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஹெல்மெட்டுக்குள் விசிறி?

40 மில்லிமீட்டர் அளவில் 5 வோல்ட் விசிறி இரண்டு, ஒன்று காற்றை உள்ளே இழுக்க, ஒன்று வெளியே தள்ள.

விளக்குக்கு மின்சாரம்?

இடுப்புப் பட்டையில் வைத்த பவர் பேங்க். வெறும் லித்தியம் செல் ஹெல்மெட்டுக்குள் கூடவே கூடாது.

எம்-சீல் போட்டு விரிசலை அடைக்கலாமா?

வளையாத 3டி அச்சில் போடலாம், ஈவாவில் வேண்டாம்.

கடைசியாக எப்போது ஒட்டலாம்?

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு.

எவ்வளவு நேரம் அணியலாம்?

ஈவா வெப்பத்தைக் கடத்தாது, வியர்வையை ஆறவிடாது. உடம்பின் சூடு உள்ளேயே தங்கும். அரை மணிக்கு ஒரு தடவை ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், தாகம் எடுக்கும் முன் தண்ணீர் குடியுங்கள், வேடம் போடாத ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கவசத்துக்குள் இருப்பவர் தடுமாறினாலோ பேச்சு குழறினாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். அந்த நிமிடம் வார்ப்பட்டையை அவிழ்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கத்தரிக்கோலால் வெட்டிக் கழற்றி, நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, 108-க்குப் போன் செய்யுங்கள்.