கத்தரிக்கு 22 நாள் கெடு

ஹைதராபாத் பிரியாணிக்குத் துணையாக வரும் பகாரா பைங்கனுக்குப் பிஞ்சுக் கத்தரிக்காய்தான் ருசி. சிக்கலும் அங்கேதான்.

நகருக்குக் காய்கறி அனுப்பும் செவெல்லா, விகாராபாத் பக்கத்துத் தோட்டங்களில், காய்ப்புக்கு வந்த கத்தரியை வாரம் ஒருமுறையாவது பறித்தாக வேண்டும். விட்டால் முற்றிவிடும். வெண்டைக்கு அந்தப் பொறுமைகூடக் கிடையாது. காய்த்துளைப்பான் புழுவும் விடுவதில்லை. எனவே பறிப்பதும் மருந்தடிப்பதும் மாறி மாறி நடக்கின்றன.

மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதற்கு மருந்துவாரியாக, பயிர்வாரியாகக் கெடு உண்டு. வெயிலிலும் மழையிலும் நஞ்சு சிதைந்து அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கீழே இறங்க ஆகும் காலம் அது. வயலில் தெளித்து, நாள்வாரியாகக் காயைச் சோதித்துக் கணக்கிடுகிறார்கள். குளோரான்ட்ரானிலிப்ரோல் என்ற மருந்துக்கு அரசு ஏற்ற கெடு தக்காளிக்கு 3 நாள், வெண்டைக்கு 5, பாகலுக்கு 7. கத்தரிக்கோ 22!

அதாவது மூன்று பறிப்புகளை இழக்க வேண்டும். மருந்துக் கடையில் பாக்கி வைத்திருக்கும் விவசாயியிடம் இதை எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா? இத்தனைக்கும் அதே புழுவுக்கான எமாமெக்டின் பென்சோயேட்டுக்குக் கத்தரியில் 3 நாள் போதும். இதைச் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். பெரும்பாலும் அவர்தான் பயிருக்கு டாக்டரும். டப்பாவோடு வரும் துண்டுத்தாளின் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

கழுவினால் போகும் என்பது பாதி உண்மை. மேலே ஒட்டியது போகும். மோனோகுரோட்டோபாஸ் போல செடிக்குள் ஊடுருவுவது போகாது. காய்கறிகளில் அதற்கு 2005-லேயே தடை. ஆனால் பருத்திக்கு விற்பனை தொடர்ந்ததால், வாங்கியவர் எதில் அடித்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

ராஜேந்திரநகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் எச்ச நஞ்சைச் சோதிக்கும் கூடம் உண்டு. முடிவு வரும்போது காய் வயிற்றுக்குள் போயிருக்கும். விவசாயியே விற்கும் ரைது பஜார்கள் 1999-ல் தொடங்கின. அங்கும் பேரம் பேசுபவர்கள் அநேகம். எப்போது மருந்தடித்தீர்கள் என்று கேட்பவர்கள் அபூர்வம்.

புழுவைத் தானே கொல்லும் பி.டி. கத்தரி பற்றி 2010 ஜனவரியில் ஹைதராபாத்திலும் பொது விசாரணை நடந்தது. அடுத்த மாதமே அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். பங்களாதேஷ் 2013-ல் அனுமதித்தது.

இப்போதைக்குச் செய்யக்கூடியது, காயைப் பறித்த அன்று மாலையே, குறைந்த கெடு உள்ள மருந்தை அடிப்பது. அடுத்த பறிப்புக்குள் கெடு முடிந்துவிடும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வாடிய நுனித் தண்டுகளை வாராவாரம் கிள்ளி அழித்தால் மருந்தின் தேவையே குறையும். அதற்கு ஆள் வேண்டும். நகரம் நெருங்கி வந்துவிட்ட கிராமங்களில் அதுதான் கிடைப்பதில்லை.