சைவம் என்னும் சொல்லும் லகாட் அடுக்களையும்: மரக்கறி உணவு நெறிகள் பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் அன்றாட வழக்கில் ‘சைவம்’ என்பது ஒற்றைப் பொருளுடைய சொல்லாகவே கருதப்படுகிறது. புலால் நீக்கிய உணவு சைவம். புலால் சேர்ந்தது அசைவம். இவ்விரு சொற்களைக் கொண்டே வகுப்பறையிலும் திருமண வீட்டிலும் கருத்தரங்கு ஏற்பாட்டிலும் காரியங்கள் நடந்தேறுகின்றன. ஆயின், இச்சொல்லுக்குள் ஒன்றோடொன்று எளிதில் பொருந்தாத பல உணவு நெறிகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாத இடத்தில் ஒருவருடைய நோன்பே முறிந்துவிடக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பேராக்கில் நடைபெற்ற தமிழாசிரியர் பயிலரங்கு ஒன்றில் அவ்வாறு நிகழக் கண்டேன். தைப்பூசத்திற்கு நோன்பிருந்த மூத்த ஆசிரியர் ஒருவர், ‘சைவம்’ என எழுதி வைத்திருந்த மேசையிலிருந்து கங்கோங் கீரைப் பிரட்டலை எடுத்து உண்டார். அதில் பெலாச்சான் கலந்திருந்தது பின்னரே தெரியவந்தது. பெலாச்சான் என்பது இறாலினத்தைச் சார்ந்த சிற்றுயிர்களை உப்பிட்டு நொதிக்கவைத்துச் செய்யும் சாந்து. சமைத்தவர், “கீரைதானே, இறைச்சி ஒன்றும் போடவில்லையே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அகராதியில் அது மரக்கறிதான். ஆசிரியரோ அவ்வாண்டு காவடி எடுப்பதில்லை என முடிவு செய்துவிட்டார். இக்கட்டுரை அந்த மேசையின் பெயர்ப்பலகையிலிருந்துதான் தொடங்குகிறது.

சொல்லும் பொருளும்

சிவனை முழுமுதலாகக் கொள்ளும் சமயத்தின் பெயர் எவ்வாறு ஓர் உணவின் பெயராயிற்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பெருமாளை வழிபடும் வைணவரும் தம் உணவைச் ‘சைவம்’ என்றே கூறுவர். முரண்பாடு எவருக்கும் தோன்றுவதில்லை. பெரியபுராணத்தில் இடம்பெறும் கண்ணப்ப நாயனார் காளத்தியப்பருக்குப் பன்றி இறைச்சியைப் படைத்தவர். இன்றைய வழக்கின்படி சைவத்தின் தலைசிறந்த அடியாருள் ஒருவர் அசைவராகிறார்!

பழந்தமிழகத்தில் ஊனுணவு இழிவாகக் கருதப்படவில்லை. தம்மை அந்தணன் எனக் கூறிக்கொள்ளும் கபிலரே, ஊனும் சோறும் உண்டு வருந்துவதன்றி வேறு தொழில் அறியாமையால் தம் கை மென்மையாயிற்று எனச் சேர மன்னனிடம் கூறுவதைப் புறநானூற்றின் 14ஆம் பாடலில் காண்கிறோம். சமண, பௌத்த நெறிகளின் செல்வாக்கோடுதான் கொல்லாமை ஓர் அறமாக வலுப்பெற்றது. திருக்குறளில் ‘புலால் மறுத்தல்’ 26ஆம் அதிகாரமாகவும் ‘கொல்லாமை’ 33ஆம் அதிகாரமாகவும் துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளன. வகுப்பில் இவ்வதிகாரங்களைக் கற்பிக்கும்போது இந்த வைப்புமுறையை நாம் பெரும்பாலும் சுட்டுவதில்லை. அது சுட்டப்பட வேண்டும். புலால் மறுத்தல் துறவிக்கு உரியதா, இல்லறத்தாருக்கும் உரியதா என்னும் வினாவுக்கு நம் சமூகம் கண்டறிந்த நடைமுறை விடைதான் நோன்பு. இல்லறத்தான் சில நாள்களுக்கு மட்டும் துறவியின் உணவை உண்கிறான்.

பின்னர் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகள், சீவகாருணியத்தை நாள் வரையறைக்குள் அடங்காத வாழ்நாள் ஒழுக்கமாக வலியுறுத்தினார். மலேசியாவிலும் சன்மார்க்க அன்பர்கள் இந்நெறியில் நிற்கின்றனர். இவர்களின் சைவமும் கவுண்டிக் காவடி எடுப்பவரின் சைவமும் உண்கலத்தில் ஒன்றுபோலத் தோன்றினும் காரணத்தால் வேறானவை.

நாளால் அமையும் சைவம்

ஈப்போவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் மெங்லெம்புவைத் தாண்டி அடையும் சிற்றூர் லகாட். கிந்தா பள்ளத்தாக்கின் ஏனைய ஊர்களைப் போலவே ஈய லம்பங்களும் ரப்பர் மரங்களும் சூழ வளர்ந்தது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோருக்கு உணவு என்பது சோறும் கருவாடும் கொல்லைக் கீரையுமாக இருந்தது; இறைச்சி அரிது. அம்மக்களின் காவல் தெய்வங்களான முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் சேவலும் ஆடும் படைக்கப்பட்டன. மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டிய நாள் முதல் கவுச்சி விலக்கப்பட்டது. ஒரே குடும்பம், ஒரே ஆண்டு, இரு வழிபாடு, இரு உணவு. இதனை முரண்பாடு என்பது பொருந்தாது; எத்தெய்வத்தின் முன், எந்நாளில் நிற்கிறோம் என்பதே உணவைத் தீர்மானித்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின்னரும் இந்நாட்கணக்கு பெரிதும் சிதையவில்லை. வெள்ளிக்கிழமை, கார்த்திகை, பிரதோஷம், புரட்டாசிச் சனி, ஐயப்பனுக்கு மாலையிட்டோரின் ஒரு மண்டலம், இறப்பு நேர்ந்த வீட்டில் கருமாதி வரையிலான நாள்கள் எனப் பட்டியல் நீளும். தீபாவளியன்று ஆட்டிறைச்சிக் கறி இல்லாத வீடு மலேசியத் தமிழரிடையே குறைவு. அதனை அடுத்துவரும் வளர்பிறைப் பிரதமையிலோ கந்தசஷ்டி நோன்பு தொடங்கிவிடுகிறது. முதல் நாள் கறிச்சட்டி கழுவி உலர்வதற்குள் அடுப்பில் சைவம் ஏறும். தைப்பூசத்திற்குப் பின் இடும்பன் பூசை நிறைவேறிய பிறகே பலர் வழக்கமான உணவுக்குத் திரும்புவர். நோன்புக்கு முடிவு இருப்பதும் ஒரு சடங்கே என்பதற்கு இது நல்ல சான்று.

இப்பட்டியலில் அடங்காத இன்னொரு பிரிவினரும் உளர். கோழியும் மீனும் உண்பர். மாட்டிறைச்சியை வாழ்நாள் முழுவதும் தொடமாட்டார்கள். தமிழில் இவர்களுக்குத் தனிப் பெயர் இல்லை. ‘ஹலால்’ முத்திரை கண்டு மிட்டாய் வாங்கும் இவர்கள், அதிலுள்ள ஜெலட்டின் மாட்டின் தோலிலிருந்தோ எலும்பிலிருந்தோ பெறப்பட்டதாக இருக்கலாம் என்பதை அறிவது அரிது. அம்முத்திரை இஸ்லாமிய நெறிக்கு உட்பட்டதைச் சான்றளிப்பது. மரக்கறி என்று சான்றளிப்பதன்று. இந்தியாவில் 2001 முதல் பொட்டலங்களில் பச்சைக் குறி இடப்படுகிறது. அங்கு முட்டை அசைவம், பால் சைவம். ஓர் அரசாணை நம் பாட்டிமாரின் வரையறையை அப்படியே ஏற்றுக்கொண்டது.

அண்டை வீட்டுச் சைவம்

லகாட் போன்ற ஊரில் தமிழர்தம் மரக்கறி உணவைச் சீனருடையதோடு ஒப்பிடாமல் விளக்க இயலாது. சீனப் பௌத்தருட் பலர் பிறைமாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் விலக்குவர். குவான்யின் அடியாருட் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. நம் நாட்சைவத்தையும் மாடு விலக்கும் வழக்கத்தையும் இவர்கள் விளக்கமின்றியே புரிந்துகொள்வர். சீனத்தில் ஆறாம் நூற்றாண்டில் லியாங் மரபின் பேரரசர் வூ பௌத்தத் துறவியர் புலால் உண்பதைத் தடை செய்தார். ஆங்கும் துறவியின் உணவே பின்னர் இல்லறத்தாரின் நோன்புணவாயிற்று.

வேறுபாடு வெங்காயத்தில் தொடங்குகிறது. சீனப் பௌத்த மரபு பூண்டு, வெங்காய இனத் தாவரங்கள் உள்ளிட்ட ஐந்து கார மணப் பொருள்களை விலக்குகிறது. ஐந்தாவதாகக் கூறப்படுவது பெருங்காயம். வடமொழி ‘ஹிங்கு’ என்பதன் ஒலிபெயர்ப்பே சீனப் பெயர் எனக் கொள்ளப்படுகிறது. நம் பார்ப்பன, வைணவ அடுக்களைகளில் வெங்காயமும் பூண்டும் சேராத நாள்களில் அவற்றின் இடத்தை நிரப்புவது இதே பெருங்காயம்தான்! ஆகவே, நாம் பெருமையோடு பரிமாறும் சாம்பார், கடுமையான நோன்பிலிருக்கும் சீன நண்பருக்கு விலக்கானதாகலாம்.

ஒன்பது பேரரசர் விழாவின் ஒன்பது நாள்களிலும் மஞ்சள் கொடி கட்டிய சீன உணவுக் கடைகளில் தமிழரையும் காணலாம். 2023இல் அக்டோபர் 15ஆம் நாளிலும் 2024இல் அக்டோபர் 3ஆம் நாளிலும் இவ்விழாவும் நவராத்திரியும் ஒருங்கே தொடங்கின. 2025இல் சீன நாட்காட்டியில் மிகைமாதம் வந்தமையால் நவராத்திரி செப்டம்பர் 22இலும் சீனர் விழா அக்டோபர் 21இலும் தொடங்கின. அக்கடைகளிலிருந்து நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்ததே சோயா, கோதுமைப் புரதம், காளான் ஆகியவற்றால் ஆன ‘சைவ மட்டன்’. இதனை மசாலையில் பிரட்டி நோன்பு நாளில் உண்போர் பலர். உருவத்தில் இறைச்சியை நினைவூட்டுவதை உண்பது நோன்பாகாது எனும் முதியோரும் உளர். அவர்கள் கூற்றை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிட முடியாது. நோன்பை அவர்கள் நாவின் அடக்கமாகக் கொள்கின்றனர். மேலும், இவ்வகை உணவுகள் சிலவற்றில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்வதும் உண்டு.

பொருளால் அமையும் சைவம்

மேலை நாட்டு வகைப்பாடு முற்றிலும் வேறு வினாவை எழுப்புகிறது. 1847இல் இங்கிலாந்தில் மரக்கறி உணவுச் சங்கம் தோன்றியது; 1944இல் டொனால்டு வாட்சனும் அவர்தம் நண்பர்களும் பாலையும் முட்டையையும் சேர்த்து விலக்கும் நெறிக்கு ‘வீகன்’ எனப் பெயரிட்டனர். பால் மட்டும் ஏற்போர், முட்டை மட்டும் ஏற்போர், இரண்டும் ஏற்போர், இரண்டும் மறுப்போர் என இவ்வகைப்பாடு தட்டில் இருக்கும் பொருளைக் கொண்டு மனிதரைப் பிரிக்கிறது. உடல்நலம், விலங்குநலம், சுற்றுச்சூழல் ஆகியன இந்நெறியினர் கூறும் காரணங்கள். முனைவர் பட்ட ஆய்வுக்காக அயல்நாட்டில் தங்கியிருந்தபோது விடுதிப் படிவத்தில் எந்தக் கட்டத்தைக் குறிப்பது எனத் தெரியாமல் விழித்ததுண்டு. வெள்ளிக்கிழமைக்கென்று அதில் கட்டம் இருக்கவில்லை.

காந்தியடிகளின் தன்வரலாறு இவ்விடத்தில் துணைபுரிகிறது. 1888இல் இலண்டன் சென்ற அவர் முதலில் புலால் உண்ணாதிருந்தது தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக மட்டுமே. ஹென்றி சால்ட்டின் நூலைப் படித்த பின்னர் தம் விருப்பத்தால் மரக்கறியாளரானார். தட்டு மாறவில்லை, காரணம் மாறிற்று. பிறகு முட்டை இறைச்சியில் அடங்குமா என்னும் ஐயம் எழுந்தது. ஆங்கிலேயர் கூறிய வரையறைகளுள் ஒன்று முட்டைக்கு இடமளித்தது. அதனை ஏற்றுச் சிறிது காலம் உண்ணவும் செய்தார். பின்னர், வாக்கைப் பெற்ற தாய் இறைச்சி என எதனைக் கருதினாரோ அதுவே தம்மைக் கட்டுப்படுத்தும் எனத் தெளிந்து முட்டையைக் கைவிட்டார். நோன்பின் பொருளை அகராதி தருவதில்லை. நோன்பு யாரிடம் ஏற்கப்பட்டதோ அவரே தருகிறார்.

லகாட்டில் நான் நன்கு அறிந்த இல்லம் ஒன்றில் இவ்விரு வகைப்பாடுகளும் ஒரே அடுப்பில் சந்திக்கின்றன. தீட்சை பெற்ற பாட்டி வாழ்நாள் சைவர். தயிரின்றி அவருக்கு உணவில்லை. மகனும் மருமகளும் நாட்சைவர். பல்கலைக்கழகத்தில் பயிலும் பேத்தி வீகன். பாலும் தேனும் கொள்வதில்லை, உயிர்ச்சத்து பி12 மாத்திரை உட்கொள்கிறாள். தாவர உணவில் அச்சத்து நம்பத்தக்க அளவில் கிட்டாமையால் அது தேவையும் ஆகும். தைப்பூசத்தில் பால்குடம் எடுக்க வேண்டும் என்றபோது பிணக்கு எழுந்தது. கன்றுக்குரிய பாலைத் தான் குடிக்காதிருக்கையில் முருகனுக்கு எவ்வாறு சுமப்பது என்பது பேத்தியின் கேள்வி. பாலை மறுப்பவள் சைவமே அல்லள் என்றார் பாட்டி. இருவரும் கொல்லாமையையே பேசினர். இருவருக்கும் பொதுவாக இருந்தது ‘சைவம்’ என்ற சொல் ஒன்றே. அச்சொல்தான் அவர்களைப் பிரித்தது. இறுதியில் அவள் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் புஷ்பக் காவடி எடுத்துச் சென்றாள்.

ஆசிரியர்கள் மொழிபெயர்ப்பிலும் கற்பித்தலிலும் ‘மரக்கறி உணவு’ என்பதைப் பொதுச் சொல்லாகக் கொண்டு, ‘வாழ்நாள் சைவம்’, ‘நோன்புச் சைவம்’, ‘பாலும் விலக்கிய உணவு’ எனத் தேவைக்கேற்பப் பிரித்து வழங்கலாம். விருந்து மேசையில் ‘சைவம்’ என்று எழுதுவதற்குப் பதிலாகச் சேர்ந்துள்ள பொருள்களை எழுதுவது இன்னும் நன்று: முட்டை, பால், வெங்காயம், பூண்டு, பெலாச்சான், நெத்திலி. பதிவுப் படிவத்தில் “சைவமா, அசைவமா?” என்பதோடு “இப்போது நோன்பில் உள்ளீரா?” என்ற ஒரு வரியைச் சேர்ப்பதில் செலவொன்றும் இல்லை. மேற்கூறிய மூத்த ஆசிரியர் அடுத்த ஆண்டு மீண்டும் நோன்பிருந்து காவடி எடுத்தார். அதன்பின் பயிலரங்குகளுக்கு வீட்டிலிருந்தே சோறு கட்டி வருகிறார்.