அகதிகள் நடத்தும் தர்மஸ்தாபனம்

கொடுப்பவர் ஒரு பக்கமும் பெறுபவர் மறுபக்கமும் நிற்பதே தர்மஸ்தாபனங்களின் பொது இலக்கணம். சென்னை அடையாற்றில் அலுவலகம் அமைத்துப் பணிபுரிந்துவந்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அதாவது முகாம்வாசிகள் சுருக்கமாக ‘ஓபர்’ என்றழைக்கும் ஸ்தாபனம், அந்த இலக்கணத்துக்கு விலக்கானது. அதன் உதவியைப் பெறுவோர் அகதிகளாயிருப்பது போலவே, அதை நடத்துவோரும் அகதிகளே.

1983 ஜூலையில் கொழும்பில் மூண்ட இனக்கலவரத்தை அடுத்து, படகேறியும் விமானமேறியும் தமிழ்நாட்டை வந்தடைந்தவர்களுள், தந்தை செல்வா என்று போற்றப்படும் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் புதல்வரும் வழக்கறிஞருமான எஸ்.சி. சந்திரஹாசனும் ஒருவர். 1984-இல் அவர் சகாக்களுடன் இக்கழகத்தை நிறுவினார். இலங்கை அரசுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் இடையிலான திம்புப் பேச்சுவார்த்தை முறிந்த 1985-இல் இந்திய அரசே அவரை நாடுகடத்த உத்தரவிட்டு, இங்கே எழுந்த பலத்த எதிர்ப்புக்குப் பின் அதைக் கைவிட்டது. அகதிகளுக்கு அபயமளிக்க முன்வந்தவரின் சொந்த இருப்பே அத்தனை ஸ்திரமற்றதாயிருந்தது!

இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாக்கு நீரிணையைக் கடந்தனர். அவர்களுக்கு அரிசியும் கூரையும் பணக்கொடையும் அரசு வழங்கியது. கழகமோ, என்றேனும் ஒருநாள் ஊர் திரும்பப்போகும் ஜனங்கள் வெறுங்கையராய்த் திரும்பலாகாது என்னும் சங்கற்பத்துடன், முகாமிலுள்ளவர்களிலிருந்தே ஆசிரியர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் மனநல ஆலோசகர்களையும் பயிற்றுவித்தது. குழந்தைகளின் போஷாக்குக்காகச் சுருள்பாசி வளர்க்கவும் முகாம்களில் பழகினார்கள். தொட்டி நீரைக் கலக்கிக் கலக்கி வெயில் காட்டி, பச்சைக் குழம்பைத் துணியில் வடிகட்டி, இடியாப்பம் போலப் பிழிந்து உலர்த்திப் பொடியாக்கும் எளிய தொழில் அது. ஊர் திரும்பியபின் மன்னாரில் ஒரு கொல்லைப்புறத்திலும் செய்யத்தக்கது. 2004-இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது, இவ்வாறு பயின்றவர்களே துயருற்ற தமிழ்நாட்டு மீனவக் குடும்பங்களுக்கு உதவச் சென்றார்கள்.

எனினும், என் அபிப்பிராயத்தில், கழகம் தாய்நாட்டின் புனர்நிர்மாணத்துக்குச் செய்த தலையாய கைங்கரியம் காகித வேலைதான். முகாமில் பிறந்த குழந்தைக்கு நம் நகராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், பிறந்ததை நிரூபிக்குமேயன்றி எந்த நாட்டுப் பிரஜை என்பதை நிரூபிக்காது. 1987 ஜூலைக்குப் பின், இந்திய மண்ணில் பிறந்த ஒரே காரணத்தால் இந்தியக் குடியுரிமை கிட்டுவதில்லை. இலங்கைச் சட்டமோ, அயல்நாட்டில் பிறந்த பிள்ளையை முறைப்படி பதிவு செய்தாலன்றித் தன் பிரஜையாக ஏற்பதில்லை. பெற்றோரின் பத்திரங்களோ பல குடும்பங்களில் வீட்டோடு எரிந்தும் கடலில் நனைந்தும் போயின. ஆகவே கழகத் தொண்டர்கள் முகாம் முகாமாகச் சென்று விவரம் சேகரித்து, மனு எழுதி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் சேர்ப்பிக்கலானார்கள். அந்தப் பதிவில்லாத பிள்ளை ஊர் திரும்பினால், அடையாள அட்டை பெறவும் பாட்டன் காணிக்கு உரிமை கோரவும் அல்லற்படும். மலையகத் தமிழரின் நிலை இன்னும் பரிதாபகரமானது. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, பின்னர் கலவரத்துக்கு அஞ்சி இங்கு வந்துவிட்டவர்களுக்கும் வழி பிறக்கும்படி இலங்கை தன் 2003-ஆம் ஆண்டுக் குடியுரிமை வழங்கும் சட்டத்தைத் திருத்தியது 2009-இல்தான்.

அதே 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. கழகத்தின் இலங்கைக் கிளை அங்கு பணியாற்றுகிறது, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு சில ஆயிரம் பேர் மீண்டனர். ஆனால் ஏறத்தாழ 58,000 பேர் இன்னும் முகாம்களில் வாழ்கிறார்கள். அவற்றுக்கு 2021-இல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது தமிழக அரசு. முகாமிலேயே பிறந்து, இங்கேயே கல்லூரியும் முடித்துவிட்ட இளைஞர்களுக்கு ஈழம் பெற்றோர் வாய்மொழியாகக் கேட்ட தேசம். ஊர் திரும்புதலையே இலட்சியமாகக் கொண்ட ஸ்தாபனத்துக்கு இது தர்மசங்கடமே. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. ஆகவே இங்கேயே தங்கிவிட விரும்பும் பிள்ளைக்குங்கூட, இப்போதைக்குக் கையில் கிடைக்கக்கூடிய ஒரே பிரஜாவுரிமை, அக்கரையில் பதிவாகும் அந்தக் காகிதந்தான்.